பின் கன்ட்ரோலரைப் பெயரால் அடையாளம் காட்டுவது எப்படி?

திருகோணமலையில் கடல்நீரின் வெப்பநிலையை அளக்க ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையை வைத்துக் கருவி செய்யும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பலகையின் ஒவ்வொரு பின்னும், அதாவது இணைப்பு ஊசியும், என்ன வேலை செய்யவேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதிதான் பின் கன்ட்ரோலர். கருவியை இயக்கும் நிரலான டிரைவரை எழுதத் தொடங்கியதும் வரும் கேள்வி: எந்தப் பின் கன்ட்ரோலர் வேண்டும் என்று லினக்ஸின் மையமான கெர்னலிடம் எப்படிச் சொல்வது?

சிப்புக்குக் கெர்னல் கொடுக்கும் வரிசை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பை 5 இன் 40 பின் வரிசையிலுள்ள ஜிபிஐஓ பின்களை (நாம் விரும்பியபடி உள்ளீடாகவோ வெளியீடாகவோ பயன்படுத்தக்கூடியவை) கவனிக்கும் சிப் தொடக்கத்தில் ஜிபிஐஓசிப்4 ஆக இருந்தது, பிந்திய கெர்னல்களில் ஜிபிஐஓசிப்0 ஆகிவிட்டது. பின்கன்ட்ரோல்-ஆர்பி1 என்ற பெயர் மாறவேயில்லை. நிலாவெளியில் கரை தட்டிய வரிசையை வைத்தா வள்ளத்தை அடையாளம் சொல்கிறோம்?

படி 1: பெயரைப் பாருங்கள். ரூட் அனுமதியோடு ஸிஸ், கெர்னல், டீபக், பின்கன்ட்ரோல் என்று உள்ளே போங்கள். ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு கோப்புறை இருக்கும். பை 4 இல் அதன் பெயர் ‘எஃப்இ200000.ஜிபிஐஓ-பின்கன்ட்ரோல்-பிசிஎம்2711’.

படி 2: அதைப் பிரியுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் ஒட்டிக்கொண்டிருப்பவை இரண்டு பெயர்கள். ‘எஃப்இ200000.ஜிபிஐஓ’ என்பது கன்ட்ரோலர் என்ற சாதனத்தின் பெயர். மிச்சம், கன்ட்ரோலரின் டிரைவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். எந்தச் சாதனத்துக்கு எந்தப் பின்கள் என்று சொல்லும் பின் மேப் அட்டவணையில், கன்ட்ரோலருக்கான இடத்தில் இந்தச் சாதனப் பெயர்தான் வரவேண்டும். ஒரு ஜிபிஐஓ பின்னைத் தேடியெடுக்க உதவும் ஜிபிஐஓ லுக்கப் அட்டவணையிலோ சிப்பின் லேபிள் வேண்டும். பை 4 இல் அது டிரைவர் வைத்த பெயரேதான். இரண்டு அட்டவணைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பெயர்களை மாற்றிப் போட்டுவிடுவது மிகச் சுலபம்.

படி 3: எழுதுங்கள். மேப் அட்டவணையில் உங்கள் கருவிச் சாதனத்தின் பெயர், பின்கள் இருக்கவேண்டிய நிலையின் பெயர், கன்ட்ரோலரின் சாதனப் பெயர், பின் குழு, அதன் வேலை ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பிரித்தெடுத்த பெயரைத் திரையில் கண்டபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். கெர்னல் முழுப் பெயரையும் ஒப்பிடும், ஒரு புள்ளி விடுபட்டாலும் பொருந்தாது.

சரி, பெயர் பிழைத்தால் என்ன நடக்கும்? பெரிய சத்தமெல்லாம் வராது. அந்தக் கன்ட்ரோலர் இனிமேல் வரக்கூடும் என்று எண்ணி, கெர்னல் உங்கள் டிரைவரின் ப்ரோபை, அதாவது சாதனத்தைத் தொடங்கிவைக்கும் வேலையை, தள்ளிப்போடும். பிழை எண் 517. ஆகவே டிரைவர் அசையாமல் கிடந்தால், டீபக் கோப்புறையிலுள்ள ‘டிவைசஸ் டிஃபர்டு’ கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் சாதனம் அதில் இருந்தால் முதலில் பெயரைச் சரிபாருங்கள். எல்லாம் பொருந்திவிட்டால், கன்ட்ரோலரின் கோப்புறையிலுள்ள ‘பின்மக்ஸ்-பின்ஸ்’ கோப்பில் அந்தப் பின்னுக்கு நேரே உங்கள் சாதனத்தின் பெயர் தெரியும்.

பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பான டிவைஸ் ட்ரீயில் பின்களைக் குறிப்பிட்டிருந்தால் கன்ட்ரோலரின் பெயரைக் கெர்னலே நிரப்பிக்கொள்ளும். பை போன்ற பலகைகளுக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன். கையால் அட்டவணை எழுதுவதை டிவைஸ் ட்ரீ இல்லாத பலகைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.