ஜார்ஜ் மன்னர் காலக் கேலிப்படம் கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் சட்டம் போட்ட பழைய ஆங்கிலேயக் கேலிப்படங்கள் அவ்வப்போது தலைகாட்டும். தொப்பையும் பொய்முடியுமாக நாலு பேர், வாயிலிருந்து பலூன் மாதிரி கிளம்பும் பேச்சு, ஒரு மண்ணும் புரியாது. நடுவில் என்ன நகைச்சுவை என்று முதலிலேயே தேடினால் தோற்றுத்தான் போவீர்கள், ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வெளியான தேதி, வெளியிட்டவர் பெயர், பெரும்பாலும் தெருவும். 1735இல் ஆங்கிலேய ஓவியர் ஹோகார்த் முதலானோர் முயன்று கொண்டுவந்த சட்டப்படி, காப்புரிமை வேண்டுமென்றால் தேதியும் பெயரும் பொறித்திருக்க வேண்டும். ஹம்ப்ரி, 27 செயின்ட் ஜேம்ஸ் தெரு என்றிருந்தால் அது ஹன்னா ஹம்ப்ரி என்ற அம்மாவின் கடை, ஜேம்ஸ் கில்ரே அந்தக் கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருந்து வரைந்தவர். தேதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இவை பெரும்பாலும் அப்போதைய செய்திக்குச் சுடச்சுடப் போட்ட படங்கள். தலைப்பை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தட்டிப் பாருங்கள், பல படங்களுக்கு யார் எவர் என்ற விளக்கமே இருக்கும், காசும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் முகங்கள். நம்மூர்க் கேலிப்பட ஓவியர் ஸாப்பிரோ முன்னாள் அதிபர் ஜுமா தலையில் ஷவரை மாட்டியே வரைவார் அல்லவா, அங்கேயும் ஆளுக்கொரு அடையாளம் உண்டு. ஒல்லிக்குச்சி உடம்பு, கூர்மூக்கு என்றால் பிரதமர் பிட். அடர்ந்த புருவம், சவரம் செய்யாத கன்னம், பருத்த உடல் என்றால் பிட்டின் அரசியல் எதிரி ஃபாக்ஸ். மூக்குக்கண்ணாடி போட்டுக் கத்திக்கொண்டிருந்தால் அநேகமாக நாடாளுமன்றப் பேச்சாளர் எட்மண்ட் பர்க்.

பழகிப் பார்க்க நமக்குத் தோதானது ஜேம்ஸ் சேயர்ஸ் 1783 டிசம்பரில் போட்ட படம். கிழக்கத்தி ராஜா வேஷத்தில் ஃபாக்ஸ் யானை மேல் வருகிறார், யானையின் முகம் அவருடைய கூட்டாளி நார்த் பிரபுவின் முகம், முன்னால் பர்க் ஊதுகொம்பு ஊதிக்கொண்டு போகிறார், போய்ச் சேருமிடம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகம் இருந்த தெரு. இந்தியாவில் கம்பெனி நடத்திய ஆட்சியை ஏழு ஆணையர்கள் கையில் ஒப்படைக்க ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதா மீதான நையாண்டி இது. யானை மேல் போனவர் அந்த மாதமே பதவியிலிருந்து இறக்கப்பட்டார்.

கில்ரேயின் 1805 படம் இன்னும் பிரபலம்: பிட்டும் நெப்போலியனும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பூமி உருண்டையைப் புட்டிங் போல வெட்டுகிறார்கள், ஒருவருக்குக் கடல், மற்றவருக்கு ஐரோப்பா. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே நம் நாட்டின் கேப் பகுதி மறுபடி பிரிட்டிஷார் கைக்குப் போனதை நினைத்துக்கொண்டு பார்த்தால், இங்கே இருக்கிற நமக்கு அந்தக் கத்தி கொஞ்சம் வேறு மாதிரித்தான் தெரியும்.

யாரைக் கிண்டல் செய்கிறார்கள், யார் செலவில் என்றும் கேளுங்கள். கேப்பிலிருந்து கொண்டுபோய் 1810இல் லண்டனில் காட்சிப்பொருளாக்கப்பட்ட சாரா பார்ட்மனை, கிரென்வில் பிரபுவின் பெருத்த பின்புறத்தை நக்கலடிக்கவென்றே படங்களில் இழுத்துவிட்டார்கள். அரசியல்வாதிக்குக் கிண்டல், அவமானம் முழுக்க அந்தப் பெண்ணுக்கு. 2002இல்தான் அவர் உடலின் எச்சங்கள் ஃபிரான்சிலிருந்து திரும்பி கிழக்கு கேப்பில் ஹாங்கியில் அடக்கம் செய்யப்பட்டன. வரலாற்றுக்காகப் படிக்கலாம், என் வீட்டுச் சுவரில் அதற்கு இடமில்லை.

வாங்குவதானால் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். செப்புத் தகட்டை வைத்து அழுத்தியதால் படத்தைச் சுற்றி லேசாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும் (ஓரத்தை வெட்டியிருந்தால் தெரியாது). பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது நம் காலத்து அச்சு, போட்டோக் கடை விலைக்கு மேல் ஒரு ராண்ட் கொடுக்காதீர்கள். வண்ணம் கையால் பூசியது என்பதால் அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், அது நல்ல அறிகுறி. பின்பக்கமும் ஒரு கில்ரே படம் இருந்தால், இரண்டு கிடைத்ததென்று குதிக்க வேண்டாம்: அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1851இல் போன் என்ற பதிப்பாளர் பழைய தகடுகளை வைத்துத் தாளின் இருபுறமும் அச்சிட்டது அது. தகடு அசல்தான், ஆனால் விலை குறைத்துப் பேசலாம்.

மாட்டும்போது வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். டர்பன் ஈரத்துக்குக் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள், டேப் மட்டும் ஒட்டவே விடாதீர்கள்.