கதவை மூன்று இடத்தில் பிடிக்கும் பூட்டு: மல்டி பாயிண்ட் லாக்கை நாமே பொருத்துவது எப்படி?

கோலாலம்பூர் செந்தூலில் என் அக்கா வீட்டில் திருடன் புகுந்தபோது பூட்டு உடையவே இல்லை. நான் போய்ப் பார்க்கையில் கதவோரத்தில் அதன் நாக்கு அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. உடைந்தது நிலைக்கட்டை. நாக்கு போய் உட்காரும் தகடு வளைந்து தரையில் கிடந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவையும் கையில் எடுத்தேன். அரை அங்குலம்தான் நீளம். நுனியில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது. பூட்டு நல்ல பூட்டுதான், அக்கா பார்த்துப் பார்த்து வாங்கியது. கடப்பாரையின் மொத்த பலத்தையும் அந்த இரண்டு குட்டி ஸ்க்ரூவா தாங்கும்?

அதற்கு அப்புறம்தான் மல்டி பாயிண்ட் லாக் பற்றித் தேடிப் படித்தேன். முதலில் அக்கா வீட்டிலும் பிறகு எங்கள் வீட்டிலும் நானே பொருத்தினேன். மரவேலை கொஞ்சம் பழகியவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்கினால் செய்துவிடலாம்.

எப்படி வேலை செய்கிறது?

சாதாரணப் பூட்டு கதவை நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கும். மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ நெம்பினால் கதவு வளைந்து கொடுக்கும். மல்டி பாயிண்ட் லாக்கில் கதவோரம் நெடுக ஒரு நீளமான உலோகப் பட்டை ஓடும். நடுவில் நாக்கோடு கூடிய பூட்டுப் பெட்டி, மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கொக்கி. கைப்பிடியை மேலே தூக்கினால் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரம் பட்டைக்குப் பின்னால் உள்ள கம்பிகளை நகர்த்தும். கொக்கிகள் வெளியே வந்து நிலைக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பாமல் விட்டால், கைப்பிடியை யார் அழுத்தினாலும் கொக்கிகள் உள்ளே போய்விடும். கொக்கிக்கு இன்னொரு நன்மை உண்டு. நேரான நாக்கு நெம்பும்போது வழுக்கி வெளியே வரக்கூடும். கொக்கி நிலையைக் கவ்விக்கொள்வதால் கதவையும் நிலையையும் பிரிப்பது கடினம்.

முதலில் கதவைப் பாருங்கள்

கதவைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் கேட்டால் அது உள்ளே கூடான பிளைவுட் கதவு. அதில் இந்தப் பூட்டைப் போடாதீர்கள். பெட்டிக்கு இடம் வெட்டினால் மிஞ்சுவது அட்டை மாதிரிதான் இருக்கும். முழு மரக்கதவாக, குறைந்தது 44 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை சுமார் 3 மில்லிமீட்டராக ஒரே சீராக இருக்கட்டும். கதவு தொங்கிப்போயிருந்தால் முதலில் கீலைச் சரிசெய்யுங்கள்.

கொண்டோவில், அதாவது அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை வெட்டினால் அது தீயைத் தாங்காமல் போகலாம். நிர்வாகத்திடம் கேட்காமல் உளியைக் கையில் எடுக்காதீர்கள்.

வரிசை வீட்டுக்காரர்கள் கிரில்லை மறந்துவிடாதீர்கள். மூடிய கதவுக்கும் கிரில்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்து, வெளிக் கைப்பிடி அதற்குள் அடங்குமா என்று பாருங்கள். நான் இதை அளக்காமல் வாங்கிவிட்டேன். முதல் கைப்பிடி கிரில்லில் இடித்தது. கடைக்குத் திரும்பிப் போய் மெல்லியதாக மாற்ற வேண்டியதாயிற்று.

வாங்கும்போது கேட்க வேண்டிய அளவுகள்

பட்டையின் விளிம்பிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரை உள்ள தூரம் ஒன்று. 35, 45, 55 மில்லிமீட்டர்களில் கிடைக்கும். பலகைச் சட்டம் வைத்த கதவென்றால் பெட்டி முழுதும் ஓரச் சட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பிடிக் கம்பியின் நடுவிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரை உள்ள தூரம் இன்னொன்று. 92 மில்லிமீட்டர் பரவலாகக் கிடைக்கிறது. கைப்பிடித் தகடும் அதே அளவில் இருந்தால்தான் துளைகள் பொருந்தும். நம் வாசல் கதவுகள் பெரும்பாலும் 3 அடிக்கு 7 அடி. அந்த உயரத்துக்குப் பட்டை சரியாக வருமா என்றும் கேளுங்கள்.

சாவி நுழையும் சிலிண்டரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இதில் போடுவது யூரோ சிலிண்டர். நடுவில் ஸ்க்ரூ போகும் இடம் மெலிந்திருக்கும். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால், அதைக் கவ்விப் பிடித்து அந்த மெலிந்த இடத்தில் ஒடித்துவிடலாம். அப்புறம் கொக்கி எத்தனை இருந்தும் பயனில்லை. ஆகவே தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. ஒடிப்பைத் தாங்கும் சிலிண்டராகவே கேளுங்கள். பிரிட்டிஷ் தரமான டிஎஸ் 007-இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது நல்லது. ஒரு நட்சத்திர சிலிண்டரோடு இரண்டு நட்சத்திரக் கைப்பிடி சேர்த்தாலும் அதே தரம்தான். முழுக் கதவாகவே வாங்குபவர்கள் இஎன் 1627 என்ற ஐரோப்பியத் தரத்தைப் பார்க்கலாம். அதில் ஆர்சி 2 என்றால் திருப்புளி, ஆப்பு போன்ற கருவிகளோடு 3 நிமிடத் தாக்குதலைத் தாங்கிய கதவு. ஆர்சி 3-க்குக் கடப்பாரையும் உண்டு, 5 நிமிடம்.

உள்பக்கம் சாவி வேண்டாம், கையால் திருகும் குமிழ் வைத்த சிலிண்டரை வாங்குங்கள். கிரில்லும் பூட்டு, கதவும் பூட்டு, நடுராத்திரியில் தீ, சாவி எங்கே என்று தேடும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. கதவருகே கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கைவிட்டுத் திருக முடியாதபடி குமிழின் தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவை வெட்டுதல்

கதவைத் திறந்து, கீழே இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். கைப்பிடி தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வரட்டும். பூட்டை ஓரத்தில் பிடித்து, பெட்டிகளின் இடத்தையும் பட்டையின் அகலத்தையும் கூர்மையான பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

பெட்டிக்கான குழியை முதலில் டிரில்லால் வரிசையாகத் துளையிட்டு, பிறகு உளியால் சுத்தம் செய்யுங்கள். எவ்வளவு ஆழம் என்று டிரில் பிட்டில் ஒரு டேப் சுற்றிவைத்தால் கை தவறாது. பெட்டி இறுக்கமாக உட்காரக்கூடாது; இறுகினால் உள்ளே பல்சக்கரம் சிக்கும். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் விடுங்கள். பட்டைக்கான பள்ளம், மரத்தில் பள்ளம் கடையும் ரவுட்டர் கருவி இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் உளிதான், பொறுமையாக.

கைப்பிடிக்கும் சிலிண்டருக்கும் துளை போடும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் பாதி பாதியாகத் துளையுங்கள். ஒரே பக்கமாகப் போனால் மறுபக்கம் மரம் சிதறும்.

பூட்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்தியதும் சிலிண்டரைச் செருகுங்கள். சாவியைக் கொஞ்சம் திருப்பினால்தான் சிலிண்டரின் நடுவில் இருக்கும் சிறு நாக்கு உடம்போடு சேர்ந்து துளைக்குள் போகும். பட்டையின் பக்கத்திலிருந்து போகும் நீள ஸ்க்ரூ அதைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது கதவு திறந்தபடியே கைப்பிடியைத் தூக்கி, சாவியைத் திருப்பி, பத்து முறையாவது சோதியுங்கள். தவறு இருந்து கதவு மூடியிருந்தால் வெளியே நிற்பது நீங்கள்தான்.

நிலை, நிலை, நிலை

என் பார்வையில் பாதி வேலை இங்கேதான். பூட்டை மட்டும் நன்றாகப் போட்டுவிட்டு, நிலைத் தகடுகளுக்குப் பூட்டோடு வந்த குட்டி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போகும் தச்சர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்கா வீட்டில் நடந்தது அதுதான்.

தகடுகள் எங்கே வரவேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. கொக்கிகளின் நுனியிலும் நடுவில் உள்ள நாக்கின் நுனியிலும் ஏதாவது நிறம் தடவி, கதவை மூடி, கைப்பிடியை மெதுவாகத் தூக்கினால் நிலையில் அடையாளம் விழும். அக்கா சாமி மேடையிலிருந்து குங்குமம் எடுத்து ஒரு துளி எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். "தம்பி, பூசைக்கு வச்சதுதான், நல்லதுக்குத்தானே" என்றார். நிலையில் சிவப்பாக மூன்று பொட்டு அழகாக விழுந்தது.

அந்த இடங்களில் பள்ளம் வெட்டித் தகடுகளை வையுங்கள். இனி ஸ்க்ரூ. 75 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். நிலை செங்கால் என்ற கடின மரம் என்றால் முன்துளை போடாமல் முறுக்கவே கூடாது. ஸ்க்ரூவின் தலை முறிந்துவிடும், அல்லது மரம் வெடிக்கும்.

அதோடு நிற்காதீர்கள். நம் வீடுகளில் நிலைக்குப் பின்னால் செங்கல் சுவர். சாதாரண மர ஸ்க்ரூ அங்கே பிடிக்காது. ஒவ்வொரு தகட்டின் அருகிலும் நிலையைத் துளைத்து, ஹேமர் டிரில்லால் செங்கல்லுக்குள்ளும் போய், 10 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் உறையோடு வரும் நீள ஃபிரேம் ஸ்க்ரூ போடுங்கள். நிலை 2 அங்குலத் தடிமன் என்றால் 100 மில்லிமீட்டர் நீளத்தில் பாதிதான் சுவருக்குள் இருக்கும். இன்னும் நீளமானது கிடைத்தால் நல்லது. நிலைக்கும் சுவருக்கும் இடையில் வெற்றிடம் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இருந்தால் அந்த மூன்று இடத்திலும் மரத்துண்டை இறுக்கமாகச் செருகிய பிறகே ஸ்க்ரூவை முறுக்குங்கள். வெற்றிடம் இருந்தால் கடப்பாரை நிலையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் கொக்கியை விடுவித்துவிடும்.

கீல் பக்கமும் அப்படியே. ஒவ்வொரு கீலிலும் இரண்டு ஸ்க்ரூவையாவது 75 மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பது என்றால் கீல் முள் வெளியே தெரியும். அதற்குக் கீல் பக்கத்தில் தனியாக உலோக முளை பொருத்த வேண்டும்.

பராமரிப்பு

கோலாலம்பூரில் மழை மாதங்களில் மரம் ஊதும். அக்டோபர், நவம்பரில் கைப்பிடி கனமாகத் தூக்க வேண்டியிருந்தால், பலவந்தம் செய்யாதீர்கள். பல்சக்கரம் தேய்வது அப்படித்தான். கதவைத் திறந்துவைத்துத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் பூட்டில் குறையில்லை, நிலைத் தகட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். மரத்தின் வெட்டிய பகுதிகளுக்கு முன்பே வார்னிஷ் பூசியிருந்தால் ஊதுவது குறையும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொக்கிகளுக்கு லேசாக கிரீஸ். சிலிண்டருக்குள் கிராஃபைட் தூள். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள், தூசு சேர்ந்து உள்ளே பிசினாகிவிடும்.

கடைசியாக வீட்டில் எல்லோரையும் கதவருகே கூப்பிட்டு நிறுத்துங்கள். கதவைச் சாத்தினால் மட்டும் பூட்டாது, கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொருவரையும் செய்யவைத்துப் பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி, தூக்குவது சிரமமாக இருந்தது. கீழ்த் தகட்டை அரை மில்லிமீட்டர் இறக்கிவைத்தேன். இப்போது ஒரு கையாலேயே தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் கோவிலுக்குக் கிளம்புகிறார்.