தக்களியில் நூற்று, ஊசியில் பின்னி: பஞ்சிலிருந்து ஒரு பிடிதுணி

கார்த்திகைக்கு விளக்குத் திரி உருட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நூல் நூற்பதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பஞ்சைக் கொஞ்சம் இழுத்து நீட்டுகிறோம், தொடையிலோ உள்ளங்கையிலோ வைத்து முறுக்குகிறோம், உதிரியாகக் கிடந்தது திரியாகி நிற்கிறது. இழுப்பு, முறுக்கு, இந்த இரண்டும்தான் வேலை. தக்களியும் (கையால் சுற்றிவிட்டு நூற்கும் குச்சி) ராட்டையும் ஆலை இயந்திரமும் இதையேதான் வேகமாகச் செய்கின்றன.

இந்தப் பதிவில் பருத்தியை நாமே நூற்று, அந்த நூலில் 15 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னப் போகிறோம். அடுப்பிலிருந்து பால் சட்டி இறக்கும் பிடிதுணி. ஸ்வெட்டர் ஆசையெல்லாம் அப்புறம். பிடிதுணிக்குப் பருத்திதான் சரி. கடையில் ‘உல்லன்’ என்று விற்கும் நூலில் பெரும்பாலும் அக்ரிலிக் இருக்கும், சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பஞ்சு

நான் செய்த முதல் முட்டாள்தனம், மெத்தைக் கடையில் போய் அரை கிலோ பஞ்சு வாங்கி வந்தது. பளபளவென்று, பட்டுப் போல இருந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டியும் ஒரு சாண் நூல்கூட நிற்கவில்லை. அது இலவம் பஞ்சு என்று பிறகுதான் தெரிந்தது. இலவம் இழை வழுவழுப்பான குழாய் போன்றது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணைக்கு அருமை, நூலுக்கு ஆகாது. பருத்தி இழையோ காயும்போது நாடா போல முறுகிக்கொள்ளும். அந்த இயற்கையான முறுகல்தான் பக்கத்து இழையைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. மருந்துக் கடைப் பஞ்சும் வேண்டாம். அதில் இழைகள் துண்டு துண்டாக இருக்கும், மெழுகும் போயிருக்கும், பழகாத கைக்குப் பொறுமை போய்விடும்.

கரிசல் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் 100 கிராம் விதைப் பருத்தி கேட்டு வாங்குங்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. நமக்குத் தேவை 25 கிராம் பஞ்சு, ஆகவே கழிவு போனாலும் 100 கிராம் போதும். நாட்டு ரகமான கருங்கண்ணி கிடைத்தால் எடுத்து வையுங்கள், ஆனால் அதன் இழை குட்டை. முதல் முயற்சிக்குக் கொஞ்சம் நீள இழையுள்ள ரகம் நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நீலகிரி ஆடு மென்மையான கம்பளி தரும் இனம். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் செம்மறியாடு, கம்பளிக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இருக்கிறது. பருத்தி இழை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கம்பளி இழை அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம், மேலே செதிலும் உண்டு. அதனால் கம்பளியில் கற்றுக்கொள்வது சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர் வெயிலில் கம்பளியைப் பின்னி என்ன செய்வது?

கொட்டை எடுத்து, பட்டை போடுவது

பருத்தியை ஒரு மணி நேரம் வெயிலில் காயவையுங்கள். காய்ந்த கொட்டை லேசாகக் கழன்று வரும். சப்பாத்திப் பலகையில் ஒரு கொத்தை வைத்து, மெல்லிய இரும்புக் கம்பியால் அழுத்தி முன்னால் உருட்டினால் கொட்டை தானாகப் பிதுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். டிவி பார்த்துக்கொண்டே விரலால் பிய்த்தும் எடுக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து சிக்கெடுப்பது. அந்தக் காலத்தில் வில்லால் பஞ்சு கொட்டுவார்கள். என்னிடம் வில் இல்லை, நாய்க்கு முடி சீவும் கம்பி பிரஷ் இரண்டு இருக்கிறது. ஒன்றில் பஞ்சை வைத்து மற்றதால் மெதுவாக இழுத்தால் இழைகள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அந்த மெல்லிய விரிப்பை எடுத்து ஒரு பென்சிலில் சுற்றி, பென்சிலை உருவிவிட்டால் விரல் தடிமனில் ஓர் உருளை கிடைக்கும். கதர் வட்டாரத்தில் இதற்குப் பெயர் பட்டை. இறுக்கிச் சுற்றாதீர்கள். ஊதினால் பறக்கிற மாதிரி இருந்தால் சரியான பட்டை.

தக்களி

கடையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். 25 செ.மீ. மூங்கில் குச்சி, கீழ் முனை கூராக. முனையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே, தேங்காய்ச் சிரட்டையில் அறுத்த வட்டச் சில்லு ஒன்றை நடுவில் துளையிட்டு இறுக்கமாகச் செருகுங்கள். மேல் முனையில் நூல் மாட்ட ஒரு சின்னக் கொக்கி, இல்லையென்றால் கத்தியால் ஒரு வெட்டு. மொத்த எடை 20 கிராமைத் தாண்ட வேண்டாம். சில்லு நடுவில் இல்லையென்றால் தக்களி சுற்றும்போது தள்ளாடும். அப்படித் தள்ளாடினால் கனமான பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள்.

கீழடியில் தோண்டியெடுத்த பொருட்களில் சுடுமண் தக்களிகளும் உண்டு. மண்ணுக்குப் பதில் சிரட்டை என்பதைத் தவிர, நாம் செய்வதில் புதிதாக எதுவும் இல்லை.

இன்னொரு சிரட்டையின் உட்புறத்தை வழுவழுப்பாகத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தக்களியின் கூர்முனை அதற்குள் நின்றுதான் சுற்றும். தக்களியை அந்தரத்தில் தொங்கவிட்டு நூற்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பருத்தியில் முயற்சி செய்யாதீர்கள். பழகாத கையில் வரும் பருத்தி நூல் அந்த எடையைத் தாங்காது.

நூற்கலாம் வாங்க

தடித்த தையல் நூல் ஓர் அடி எடுத்துச் சில்லுக்குச் சற்று மேலே தண்டில் கட்டி, குச்சியைச் சுற்றியபடி மேலே கொண்டு போய்க் கொக்கியில் மாட்டுங்கள். அதன் நுனியைப் பட்டையின் நுனிக்குள் இரண்டு விரற்கடை அளவு நுழைத்து, இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையால் தக்களியின் மேல்பகுதியைச் சொடுக்கிச் சுற்றிவிடுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில்தான், எப்போதும் அதே திசையில். முறுக்கு ஏறி வந்து பஞ்சைக் கவ்விக்கொள்ளும்.

ஆரம்பத்திலேயே ஒரு கை சுற்ற, மறு கை இழுக்க என்று இரண்டையும் சேர்த்துச் செய்தால் குழம்பிவிடும். அதனால் நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள்:

1. இடது விரல்களால் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தக்களியை நான்கைந்து முறை சுற்றிவிடுங்கள். முறுக்கு முழுக்க விரலுக்கும் கொக்கிக்கும் நடுவில் சேர்ந்து நிற்கும்.
2. தக்களியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி நிறுத்துங்கள்.
3. இப்போது வலது கை விரல்கள் நூலைப் பிடிக்கட்டும். இடது கை பட்டையை மெதுவாகப் பின்னால் இழுக்கட்டும், ஒரு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். பஞ்சு மெலிந்து சல்லடை மாதிரி ஆகும்.
4. வலது கையை விடுங்கள். சேர்ந்திருந்த முறுக்கு அந்த மெல்லிய பஞ்சுக்குள் ஓடிப் பாயும்.

அந்த நான்காவது நொடியை உற்றுப் பாருங்கள். புகை மாதிரி இருந்த பஞ்சு கண்ணெதிரே சுருண்டு நூலாகும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அதுதான்.

ஒரு கை நீளம் சேர்ந்ததும் கொக்கியிலிருந்து கழற்றிச் சில்லுக்கு மேலே தண்டில் சுற்றி, மீண்டும் கொக்கிக்குக் கொண்டு வாருங்கள்.

நூல் அறும், நிறையவே அறும். அறுந்த இடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். இரு முனையும் பஞ்சாய்ப் பிரிந்து வழுக்கிக் கழன்றிருந்தால் முறுக்கு போதவில்லை. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. மெலிதாக இழுப்பதில்தான் கவனம் போகும், முறுக்கை மறந்துவிடுவோம். பருத்திக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக முறுக்கு வேண்டும். மாறாக, நூல் கம்பி மாதிரி விறைத்துச் சுருண்டு கொக்கி கொக்கியாகத் துள்ளினால் முறுக்கு மிஞ்சிவிட்டது, இன்னும் கொஞ்சம் பஞ்சு இழுத்துவிட்டால் சரியாகிவிடும். ஒட்டுப்போட முடிச்சு வேண்டாம். அறுந்த முனையை விரலால் கலைத்துப் பட்டையின் நுனியோடு இரண்டு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சுற்றிவிடுங்கள், பிடித்துக்கொள்ளும். கழிவுத் துண்டுகளைத் தனியாகப் போட்டு வையுங்கள், திரிக்கு ஆகும்.

முதல் நாள் நூல் ஓரிடத்தில் சணல் கயிறாகவும் ஓரிடத்தில் சிலந்தி இழையாகவும் இருக்கும். இருக்கட்டும். நமக்கு வேண்டியது 100 மீட்டர். கதர்க் கணக்கில் ஒரு சிட்டம் (வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) 1,000 மீட்டர், அதில் பத்தில் ஒன்றுதான். மாலையில் அரை மணி என்று உட்கார்ந்தால் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

இரட்டை முறுக்கு

இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒற்றை நூலிலேயே நேராகப் பின்னினேன். ஊசியில் இருந்தவரை சதுரமாகத் தெரிந்தது, கழற்றி வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இணைகரமாகிவிட்டது. நீவிப் பார்த்தேன், இஸ்திரி போட்டேன், ம்ஹூம். நூலுக்குள் இருக்கும் முறுக்கு பிரியப் பார்க்கிறது, ஒவ்வொரு கண்ணியையும் (பின்னலில் வரும் நூல் வளையம்) ஒரே பக்கம் தள்ளுகிறது. மலிவான டி-ஷர்ட் நான்கு துவைப்புக்குப் பிறகு பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் சுற்றி வருகிறதே, அதற்கும் பெரும்பாலும் ஒற்றை நூலின் இந்த முறுக்குதான் காரணம்.

மருந்து எளிது. நூற்றதை இரண்டு உருண்டைகளாகச் சுற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் இரண்டு நூலையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டி, தக்களியை இந்த முறை எதிர்த்திசையில் சுற்றுங்கள். உருண்டைகளை இரண்டு டம்ளரில் போட்டு வைத்தால் தரையில் ஓடாது. ஒன்றின் முறுக்கை மற்றொன்று ஈடுகட்டி, நூல் சமாதானமாகிவிடும். சரியாக வந்ததா என்று பார்க்க, ஓர் அடி நூலை இரு கையிலும் பிடித்துத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். ‘ப’ வடிவில் அமைதியாகத் தொங்கினால் வெற்றி.

அடுத்து நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். முதலில் சிட்டம் மிதக்கும், மூழ்கடித்தாலும் மேலே வரும். பருத்தியின் மெழுகு தண்ணீரை உள்ளே விடாது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு மாறும், சிட்டம் தானாக அடியில் போய் உட்காரும். அலசி நிழலில் காயவையுங்கள். இந்தக் கொதிப்பில் முறுக்கும் படிந்துவிடும்.

பின்னல்

பலரும் குரோஷாவையும் நிட்டிங்கையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒற்றைக் கொக்கி ஊசி என்றால் குரோஷா. நமக்கு வேண்டியது நிட்டிங்குக்கான இரண்டு நேர் ஊசிகள், 4 மி.மீ. தடிமன், மூங்கிலாக இருந்தால் கண்ணி வழுக்காது.

வீட்டில் உள்ள பனியனைக் கொஞ்சம் இழுத்து, உருப்பெருக்கியில் பாருங்கள். முன்பக்கம் சின்னச் சின்ன அம்புக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், உள்பக்கம் அலை அலையாக மேடுகள். திருப்பூர் இயந்திரம் போடுவதும் கண்ணிக்குள் கண்ணிதான். வேட்டி இழுத்தால் நீளாது, பனியன் நீளும் என்பதற்கு இதுவே காரணம்.

சுருக்கு முடிச்சு ஒன்று போட்டு வலது ஊசியில் மாட்டுங்கள். நூலை இடது கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு, விரலை உருவி, லேசாக இழுங்கள். ஒரு கண்ணி ஆயிற்று. இப்படி மொத்தம் 28. இறுக்கினால் அடுத்த வரிசையில் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

கண்ணி உள்ள ஊசி இடது கைக்கு மாறட்டும். நூல் பின்பக்கம் இருக்கட்டும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். நூலை அதன் முனையில் கீழிருந்து மேலாகச் சுற்றி, இரண்டு ஊசிக்கும் நடுவில் கொண்டு வாருங்கள். சுற்றிய நூலோடு முனையைக் கண்ணி வழியாக முன்பக்கம் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். நுழை, சுற்று, இழு, விடு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னினால் கை சீக்கிரம் பழகும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மறுபடியும் அதே. முதல் வரிசை முரண்டு பிடிக்கும், மூன்றாவதில் வழிக்கு வந்துவிடும்.

எல்லா வரிசையும் இப்படியே பின்னினால் இரு பக்கமும் மேடு மேடாக வரும், ஓரமும் சுருளாது. ‘நூலைப் போல சேலை’ என்பார்கள். இந்தப் பின்னலில் அது கொஞ்சம் பொய்க்கும். நூலில் உள்ள தடிப்பும் மெலிவும் மேடுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 28 இருந்தது 29 ஆகியிருந்தால், பெரும்பாலும் வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலே ஏறி, முதல் கண்ணி இரண்டாகத் தெரிந்திருக்கும். குறைந்திருந்தால் கீழே எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கும். அதை ஒரு சேஃப்டி பின்னில் மாட்டி வைத்துவிட்டு நிதானமாக மீட்கலாம்.

எப்போது நிறுத்துவது? அளவுநாடா வேண்டாம். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு வரும், மேடுகளை எண்ணுங்கள். கண்ணி எத்தனையோ மேடும் அத்தனை என்றால் கிட்டத்தட்டச் சதுரம். அதாவது 56 வரிசை. முடிக்கும் வரிசையில் இரண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை இரண்டாவதன் தலைமேல் தூக்கித் தாண்டவிடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடியும் தாண்டவிடுங்கள். கடைசிக் கண்ணியில் நூலை அறுத்து உள்ளே இழுங்கள். வாலை மொட்டை ஊசியால் மேடுகளுக்குள் நான்கைந்து விரற்கடை ஓட்டி மறையுங்கள்.

வெந்நீரில் ஒருமுறை அலசிக் காயவைத்தால் பின்னல் சுருங்கி நெருக்கமாகும். எரியும் அடுப்பிலேயே சட்டியைத் தூக்காதீர்கள், பருத்தி உருகாதே தவிர நன்றாகத் தீப்பிடிக்கும். ஈரத்தோடும் சட்டியைப் பிடிக்காதீர்கள், ஈரத் துணி வழியாகச் சூடு சட்டென்று கைக்கு ஏறும். ஒன்று போதாது என்று இரண்டாவது பின்னத் தொடங்கும்போது நூல் இன்னும் 100 மீட்டர் நூற்க வேண்டியிருக்கும், பட்டையை முதல் நாளே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.