மொழிக் கணக்கெடுப்புக்குப் படிவம் தயாரிப்பது எப்படி?

பல இனத்தார் கலந்து வாழும் இடத்தில் "உங்கள் மொழி எது?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் காரியம் கெட்டது. ஒருவர் வீட்டில் பேசுவதைச் சொல்வார், இன்னொருவர் பாட்டன் பேசியதைச் சொல்வார், மூன்றாமவர் எதைச் சொன்னால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று யோசித்துச் சொல்வார். எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்தபின் பிரித்தெடுக்க வழியில்லை.

குறைந்தது மூன்று கேள்விகள் வேண்டும்: சிறுவயதில் முதலில் கற்றது, இப்போது வீட்டில் அதிகம் பேசுவது, பேசத் தெரிந்த பிற மொழிகள். கனடாவில் இவற்றைத் தனித்தனியாகவே கேட்கிறார்கள். தாய்மொழி என்று கேட்டால் விளக்கத்தையும் படிவத்திலேயே அச்சிடுங்கள். இந்தியக் கணக்கெடுப்பில் அது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. அந்தப் பருவத்திலேயே தாய் இறந்திருந்தால், அப்போது வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. இப்படி விதிவிலக்கையும் எழுதிவைத்தால்தான் வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் தடுமாறமாட்டார்.

இருமொழி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விடை போதாது. சுவிட்சர்லாந்தில் 2010 முதல் முதன்மை மொழியாக ஒன்றுக்கு மேல் சொல்லலாம். அதனால் எல்லா மொழிகளின் விழுக்காட்டையும் கூட்டினால் நூறைத் தாண்டும். அட்டவணையின் கீழே அதைக் குறிப்பிடாவிட்டால் பிழை என்று புகார் வரும்.

களத்தில் அதிகம் சறுக்குவது குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்பதால்தான். வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த மருமகளுக்கும் குடும்பத் தலைவரின் மொழியே பதிவாகிவிடும். அவரவரிடமே கேளுங்கள். பெயரைப் பார்த்து நிரப்பும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஒழித்துவிடுங்கள்.

மக்கள் சொன்ன பெயர்களை மொழிவாரியாகத் தொகுக்கும்போதுதான் உண்மையான அரசியல். 2011 இந்தியக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. சரிபார்த்தபின் 1,369 தாய்மொழிகளாயின. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுபவை 121 மொழிகளாகத் தொகுக்கப்பட்டன. போஜ்புரி என்று சொன்ன ஐந்து கோடிப் பேரும் இந்தி என்ற தலைப்பின் கீழ் வந்தார்கள். தொகுப்பது தவறல்ல, சொன்னதை அழிப்பதுதான் தவறு. எனவே இரண்டு கட்டங்கள் வையுங்கள்: சொன்ன பெயர் சொன்னபடியே ஒன்றில், எந்த மொழியின் கீழ் தொகுத்தீர்கள் என்ற குறியீடு மற்றொன்றில். தொகுத்த விதியையும் வெளியிடுங்கள்.

இனம், நாட்டுணர்வு பற்றிய கேள்விகளை மொழிக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முந்தைய விடை பிந்தையதை இழுக்கும். மொழியிலிருந்து நாட்டுப்பற்றை ஊகிக்கவும் கூடாது. சிங்கப்பூரின் நாட்டுப்பண் மலாயில் இருக்கிறது, மக்களில் பெரும்பான்மையர் சீனர்.

எண்ணிக்கையால் என்ன மாறும் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். பெல்ஜியத்தில் ஊராட்சிகளின் நிர்வாக மொழியே கணக்கெடுப்பைப் பொறுத்து மாறும் என்றிருந்ததால், 1947-இல் எடுத்த மொழிக் கணக்கு பெரும் சர்ச்சையானது. முடிவுகள் 1954-இல்தான் வெளிவந்தன. 1961-இல் மொழிக் கேள்வியையே சட்டம் போட்டு நீக்கினார்கள்.