பழைய இங்கிலாந்துப் பூச்சாடி கையில் கிடைத்தால் கவிழ்க்காதீர்கள், முதலில் தடவிப் பாருங்கள்

பழைய பொருள் சந்தையில் ஒரு பூச்சாடியைக் கண்டதும் நம் கை தானாகவே அதைக் கவிழ்த்துவிடும். அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். ஒருநாள் ஜாடிக்கு மூடி இருப்பதைக் கவனிக்காமல் கவிழ்த்து, மூடி சிமெண்ட் தரையில் விழுந்து நான்கு துண்டானது. உடைந்த மூடிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு முதலில் கிளேஸ் (சூளையில் உருகி மண்ணின் மேல் படியும் கண்ணாடிப் பூச்சு), கடைசியில்தான் முத்திரை. முத்திரையைப் பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். சூளைத் தீ செய்த வேலையைப் போலி செய்வது அவ்வளவு சுலபமில்லை.

சுமாராக 1870-களிலிருந்து 1930-கள் வரை இங்கிலாந்தில் வந்த கலைப் பாண்டங்களுக்கு இந்த வரிசை உதவும்.

படி 1: ஜன்னல் பக்கம் கொண்டு போங்கள்

மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் ஜாடியின் வயிற்றைப் பிடித்துத் தூக்குங்கள். கைப்பிடியை நம்ப வேண்டாம். பழைய ஒட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 2: கண்ணை மூடித் தடவுங்கள்

ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி பொடிப்பொடிக் குழி தட்டுப்பட்டால் அது உப்புக் கிளேஸ். சூளை நன்றாகச் சூடேறியிருக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். உப்பிலுள்ள சோடியம் ஆவியாகி, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகப் படியும். லண்டன் லாம்பெத்தில் டவுல்டன் நிறுவனம், சவுத்தாலில் மார்ட்டின் சகோதரர்கள் ஆகியோரின் பாண்டங்கள் இந்த வகை. டவுல்டனில் ஹன்னா பார்லோ ஈர மண்ணிலேயே ஆடு, குதிரை எல்லாம் கீறி வரைந்தார். அந்தக் கீறலும் விரலுக்குத் தெரியும்.

மேலே எழும்பிய மெல்லிய கோடுகள், நடுவில் வண்ணம் என்றால் மூர்கிராஃப்ட் என்ற குயவரின் பாணி. மருதாணிக் கூம்பைப் பிழிவதுபோல, கரைத்த களிமண்ணைப் பிழிந்து வரப்பு கட்டி, உள்ளே நிறம் நிரப்புவார்கள்.

படி 3: சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்

நேராகப் பார்த்தால் மங்கிய செம்மண் நிறம், சாய்த்தால் பட்டுச்சேலை மாதிரி தகதகப்பு. அதுதான் லஸ்டர். இதில் பெரிய பெயர் வில்லியம் டி மார்கன். ஏற்கெனவே கிளேஸ் போட்டுச் சுட்ட ஓட்டின் மேல் செம்பு அல்லது வெள்ளி கலந்த குழம்பால் வரைந்து, குறைந்த சூட்டில், புகை நிறைந்த சூளையில் மறுபடி சுடுவார்கள். ஆறிய பின் கரியைத் துடைத்தால் அடியில் உலோகப் படலம் மின்னும். 1907-இல் பட்டறையை மூடிவிட்டு மனிதர் நாவல் எழுதப் போய்விட்டார். மண் தராத காசைப் பேனா தந்தது!

படி 4: சிவப்பாக இருந்தால் நிதானியுங்கள்

என்னை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டது இதுதான். செம்பு கலந்த கிளேஸ் காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகும். அதே செம்பு, ஆக்சிஜன் கிடைக்காமல் திணறினால் ரத்தச் சிவப்பாகும். ஃபிளாம்பே என்பார்கள். பழைய சீனக் குயவர்களின் வித்தை. பர்மிங்ஹாம் பக்கத்திலுள்ள ஸ்மெத்விக்கில் 1898-இல் தொடங்கிய ரஸ்கின் பட்டறையில் வில்லியம் ஹௌசன் டெய்லர் இதை வசப்படுத்தினார். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் உயர்ந்த பரிசும் வாங்கினார். 1935-இல் பட்டறையை மூடும்போது கிளேஸ் குறிப்புகளையெல்லாம் அழித்துவிட்டார். வேறு யாரும் செய்யக்கூடாதாம்.

விளிம்பைப் பாருங்கள்: கிளேஸ் உருகிக் கீழே வழிவதால் அங்கே நிறம் வெளிறியிருக்கும். அடிப்பக்கம் திரண்டு நிற்கும். வழிந்த சொட்டைத் தேய்த்து எடுத்த தடமும் சில ஜாடிகளில் உண்டு. மேலிருந்து கீழ்வரை பெயின்ட் அடித்தாற்போல ஒரே சிவப்பு என்றால் நான் ஒரு அடி பின்னால் போவேன்.

படி 5: பல்லில் லேசாகத் தட்டுங்கள்

சிரிக்காதீர்கள். விளிம்பைத் துடைத்துவிட்டு முன்பல்லில் மெதுவாகத் தொட்டால், அசல் கிளேஸ் ‘டிக்’ என்று கடினமாக இருக்கும். பூசி மறைத்த இடம் பிளாஸ்டிக் போல மெத்தென்று இருக்கும். கூச்சமாக இருந்தால், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அடியுங்கள். ஒட்டுப்போட்ட இடம் பல சமயம் தனியாக ஒளிரும்.

படி 6: மூடி இருந்தால் எடுத்து வைத்துவிட்டு, இப்போது கவிழ்க்கலாம்

‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அமெரிக்கா கொண்டுவந்த இறக்குமதிச் சட்டத்துக்காகச் சேர்த்தது. மார்ட்டின் சகோதரர்கள் பெயரையும் தேதியையும் ஈர மண்ணில் கையாலேயே கீறினார்கள். சில ரஸ்கின் ஜாடிகளின் அடியில் ஒரு குட்டிக் கத்தரிக்கோல் வரைந்திருக்கும். டெய்லர் என்றால் தையல்காரர் அல்லவா, அதனால்தான்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் ஊறப் போட வேண்டாம். கிளேஸில் முடி போன்ற விரிசல் இருந்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கறையாகும், ஈரத்துணியே போதும். ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கிறதே என்று எதையும் போட்டும் வைக்காதீர்கள். அந்தக் காலத்துக் கிளேஸ் பலவற்றில் ஈயம் உண்டு.