கலைஞர் உதவிக்கு விண்ணப்பிக்கும் முன்: வேலைக்கான ஆதாரத்தைச் சேர்ப்பது எப்படி?

கலைஞர்களுக்கான ஓய்வூதியம், காப்பீடு, மாத உதவி என எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் கலைஞராக வேலை செய்வதற்கு என்ன ஆதாரம்?" இருபது வருடம் மேடை ஏறியவரிடம்கூடப் பல நேரம் ஒரு துண்டுத்தாள் இருப்பதில்லை. அத்தனை உழைப்பும் கணக்கில் வராமல் போவது வேதனை. அதனால் இங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: ஒரு நோட்டு போடுங்கள்

வேலைக்கு ஒரு வரி போதும். "மார்ச் 14, நாடகத்துக்கு இசை, ஒத்திகை 6 மணி நேரம், மேடை 2 மணி நேரம், பேசியதில் பாதி வந்தது, மீதி பாக்கி." அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒத்திகை நேரம்தான் முதலில் மறக்கும்.

மணி நேரம் எதற்கு என்கிறீர்களா? பிரான்சில் மேடை, திரைக் கலைஞர்கள் வேலையில்லாக் கால உதவித்தொகை பெற, 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அங்கே மணிக்கணக்குதான் சோறு போடுகிறது.

படி 2: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

ஒப்பந்தம் கேட்டால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படியானால் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "14-ம் தேதி நிகழ்ச்சிக்குப் பேசிய தொகை இது. பாதி முன்பணம், மீதி அன்றைக்கே. சரிதானே?" "சரி" என்று பதில் வந்ததும் படம் பிடித்துச் சேமியுங்கள். பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். தேதியுள்ள அழைப்பிதழ்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

படி 3: உங்கள் சம்பளத்தை நீங்களே கணக்கிடுங்கள்

வருட வரவைக் கூட்டி, பயணம், வாத்தியப் பழுது, ஆடைச் செலவைக் கழித்து, 12-ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் உண்மையான மாத வருமானம். நல்ல மாதத்தில் இதற்கு மேல் வருவது வேலை இல்லாத மாதத்தின் பணம். அதைத் தனிக் கணக்கில் போடுங்கள்.

படி 4: திட்டம் எந்த வகை என்று பாருங்கள்

சில திட்டங்களில் நாமும் பணம் கட்ட வேண்டும், சிலவற்றில் உதவித்தொகை நேராகக் கைக்கு வரும். ஜெர்மனியில் 1983 முதல் நடக்கும் கலைஞர் சமூகக் காப்பீட்டில் கலைஞர் பாதிச் சந்தா கட்டினால் போதும். மீதியை அரசும், கலைஞர்களின் படைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் ஏற்கின்றன. அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கியது. குலுக்கல்தான் என்றாலும், கலைஞர் என்பதற்கு ஆதாரம் காட்டியவர்களின் பெயர்களே அதில் சேர்ந்தன.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஒரே மாதத்தில் பெரிய தொகை வந்தால் உதவி நின்றுவிடுமா? வருமானத்தை மாதம் மாதமாகப் பார்க்கிறார்களா, வருடத்துக்கா? விட்டு விட்டு வருமானம் வருகிற நமக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

அப்புறம், நகலைக் கொடுத்து அசலை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணையும் தேதியையும் அதே நோட்டில் அடுத்த வரியாக எழுதுங்கள்.