ஐ.சி.யூ.விலிருந்து வீடு திரும்பியவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு

வென்டிலேட்டரில் கிடந்து வந்தவரை வீட்டில் "அசதி, படுத்திருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது வெறும் அசதியல்ல. 2013இல் வெளியான லண்டன் ஆய்வில், ஐ.சி.யூ.வில் பத்தே நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 18 சதவீதம் வரை சுருங்கியிருந்தது. நரம்பும் கெட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் 35 செ.மீ. என்றால் ஒரு வருடம் ஆகிவிடும்.

முதலில் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும். சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். பிறகு கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கை முழங்காலுக்குச் சற்று மேலே வரும்படி கெட்டியான தலையணை வையுங்கள். பாதம் பின்னால், மூக்கு முழங்காலுக்கு முன்னால். அப்படிச் சாய்ந்தால்தான் இடுப்பு எழும்பும். அக்குளைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு கெடும். ஐந்து முறை எழுந்து உட்காருவது ஒரு சுற்று. காலை, மாலை இரண்டிரண்டு சுற்று. சுலபமான பிறகு தலையணையை எடுத்துவிடலாம். மறுநாளும் வலியும் சோர்வும் தீராவிட்டால் பாதியாகக் குறையுங்கள். நெஞ்சுவலி, ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம் என்றால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாதம் தொங்கினால் கட்டைவிரல் நிலைப்படியில் இடறும். ஹவாய் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள செருப்பும், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் கணுக்கால் ஸ்பிளின்ட்டும் போடுங்கள். கால்மேல் கால் போடக் கூடாது: முழங்காலின் வெளிப்பக்கம் தோலடியில் ஓடும் நரம்பு அழுந்தும். தினமும் துண்டைப் பாதத்தில் மாட்டி 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள். இல்லையேல் கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் இறுகி, தசை தேறினாலும் பாதம் தரையில் படியாது. உணர்ச்சி மரத்திருந்தால் வெந்நீரை வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

கஞ்சி மட்டும் கொடுப்பதுதான் பெரிய தப்பு. 60 கிலோ எடைக்கு 72 முதல் 90 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது; மீன், பருப்பு, தயிர் என்று மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும். குடிக்கும்போது இருமல் வந்தால் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், காட்டிவிடுங்கள்.

30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறியுங்கள். நாலு வாரம் நகராமல் நின்றாலோ குறைந்தாலோ, அந்தத் தாளோடு நரம்பியல் டாக்டரிடம் போங்கள்; நரம்பில் மின்துடிப்பு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவைப்படலாம்.